விற்பனைக்குத் தந்த படத்தைத் திரும்பப் பெறுதல்: புகைப்பட முகவர் நிறுவனங்களின் விதிகளும் இந்தியச் சட்டமும்

நெல்லை விற்ற உழவரிடம் அந்த நெல் மீண்டும் இருப்பதில்லை. துணியை விற்ற நெசவாளரின் நிலையும் அதுவே. புகைப்படம் இத்தகைய பண்டங்களினின்று வேறுபட்டது. ஒரே படத்தை ஒரு பாடநூல் பதிப்பகத்திற்கும், ஒரு வங்கிக்கும், ஒரு சுற்றுலாத் துறைக்கும் பயன்படுத்தக் கொடுத்துவிட்டு, அதன் உரிமையைப் புகைப்படக்காரர் தம்மிடமே வைத்துக்கொள்ள இயலும். ஆகவே புகைப்படச் சந்தையில் கைமாறுவது பெரும்பாலும் படத்தைப் பயன்படுத்துவதற்கான அனுமதியே ஆகும். பலருடைய படங்களை ஓரிடத்தில் திரட்டி, அவற்றுக்கான அனுமதிகளை விற்றுக்கொடுத்து, வருவாயில் ஒரு பங்கைப் படைப்பாளருக்கு அளிக்கும் இடைநிலை அமைப்புகளே புகைப்பட முகவர் நிறுவனங்கள்.

தலைநகர் தில்லியில் இச்சந்தையின் இரு தரப்பினரையும் காணலாம். அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பதிப்பகங்கள், நாளிதழ்கள், விளம்பர நிறுவனங்கள் ஆகியவை வாங்குவோர். செய்திப் புகைப்படக்காரர்களும் தனித்தொழில் செய்யும் புகைப்படக்காரர்களும் வழங்குவோர். இவர்களுள் பலர் உள்நாட்டு, வெளிநாட்டு முகவர் நிறுவனங்களுக்கு இணையத்தின் வழியே படங்களை அனுப்பி வருகின்றனர். படத்தைச் சேர்ப்பது எளிது. சேர்த்த படத்தை எடுத்துவிட விரும்பும்போதுதான் சிக்கல்கள் எழுகின்றன. எந்தப் படத்தை, எப்போது, எந்த அளவுக்குத் திரும்பப் பெறலாம்? முன்னரே விற்கப்பட்ட அனுமதிகளின் கதி என்ன? நிறுவனமே ஒருவருடைய படங்களை நீக்கிவிட்டால் அவருக்கு என்ன பரிகாரம் உண்டு? சிறு படைப்பாளர்களின் பிழைப்பைத் தொடும் வினாக்கள் இவை.

முகவர் நிறுவனங்களின் வளர்ச்சி

கணிப்பொறிக் காலத்திற்கு முன்பு முகவர் நிறுவனங்கள் படச்சுருள் வில்லைகளையும் அச்சுப் பிரதிகளையும் உறைகளிலிட்டுப் பாதுகாத்தன. வாடிக்கையாளர் கேட்டால் வில்லையை அனுப்பி, பயன்படுத்திய பின் திரும்பப் பெற்றன. படைப்பாளர் தம் படத்தை மீட்க விரும்பினால் வில்லையை வாங்கிக்கொண்டால் போதும். அத்துடன் புதிய விற்பனை நின்றுவிடும். பொருளே உரிமைக்குக் காவலாக இருந்த காலம் அது.

படைப்பாளரின் உரிமையைப் பொறுத்தவரை ஒரு முக்கியமான முன்மாதிரி 1947இல் தோன்றியது. ராபர்ட் காப்பா, ஆன்றி கார்த்தியே-பிரெசோன் முதலியோர் தொடங்கிய மேக்னம் என்னும் கூட்டுறவு அமைப்பு, படங்களின் உரிமை அவற்றை எடுத்தவரிடமே இருக்கவேண்டும் என்பதைத் தன் அடிப்படையாகக் கொண்டது. தில்லியில் பணியாற்றிய ரகு ராய் 1977இல் இவ்வமைப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இந்தியாவில் 1987இல் மும்பையில் டினோடியா நிறுவனமும், 2006இல் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இமேஜஸ்பஜார் நிறுவனமும் இந்தியக் காட்சிகளைத் திரட்டி விற்கத் தொடங்கின.

இதற்கிடையில் 2000இல் கனடாவில் ஐஸ்டாக்ஃபோட்டோவும், 2003இல் அமெரிக்காவில் ஷட்டர்ஸ்டாக்கும் தோன்றின. இவை இணையத்தின் வழியே எவரிடமிருந்தும் படங்களைப் பெற்று, மிகக் குறைந்த விலையில் அனுமதிகளை விற்றன. தொழில்முறைப் புகைப்படக்காரரோடு கல்லூரி மாணவரும் அலுவலகப் பணியாளரும் சந்தைக்கு வந்தனர். வில்லையின் இடத்தைக் கணிப்பொறிக் கோப்பு பிடித்துக்கொண்டது. கோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள இயலாது. அதன் பிரதிகள் எங்கெங்கோ தங்கிவிடுகின்றன. ஆகவே திரும்பப் பெறுதல் என்பது முற்றிலும் ஒப்பந்த வாசகத்தைச் சார்ந்த செயலாக மாறிவிட்டது.

நீக்கம் என்பதன் நான்கு நிலைகள்

‘படத்தை நீக்குதல்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் நான்கு வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. இவற்றைப் பிரித்தறியாமையே பெரும்பாலான மனக்கசப்புகளுக்குக் காரணமாகும்.

முதலாவது, காட்சியிலிருந்து விலக்குதல். நிறுவனத்தின் பட்டியலில் படம் தோன்றாது. வாடிக்கையாளர் தேடினாலும் கிடைக்காது. இரண்டாவது, புதிய விற்பனையை நிறுத்துதல். அந்நிறுவனம் மட்டுமின்றி, அதனிடமிருந்து படங்களைப் பெற்றுப் பிற நாடுகளில் விற்கும் விநியோகஸ்தர்களும் விற்பனையை நிறுத்த வேண்டும். மூன்றாவது, கோப்பையும் அதன் பிரதிகளையும் அழித்தல். நான்காவது, முன்னரே விற்கப்பட்ட அனுமதிகளை ரத்து செய்தல்.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். தில்லி சாந்தினி சௌக்கில் எடுத்த ஒரு கடைத்தெருக் காட்சியை ஒருவர் முகவர் நிறுவனத்திடம் தந்துள்ளார் எனக் கொள்வோம். அதனை ஒரு பதிப்பகம் பாடநூலுக்கும், ஒரு வங்கி நாட்காட்டிக்கும் வாங்கியுள்ளன. பின்னர் வேறொரு நிறுவனம் அப்படத்தைத் தனக்கு மட்டுமே தரவேண்டும் என்று கேட்டு நல்ல விலை கூறுகிறது. புகைப்படக்காரர் முதல் நிறுவனத்தின் பட்டியலிலிருந்து படத்தை எடுத்துவிடுகிறார். முதல் நிலை உடனே நிறைவேறிவிடுகிறது. இரண்டாம் நிலைக்கு ஒப்பந்தத்தில் கண்ட அறிவிப்புக் காலம் கழிய வேண்டும். அதுவரை விநியோகஸ்தர் மூலம் புதிய விற்பனை நடக்கக்கூடும். மூன்றாம் நிலையை நிறுவனங்கள் பொதுவாக முழுமையாக ஏற்பதில்லை. தணிக்கைக்காகவும், முன்பு வாங்கியவர் மீண்டும் கேட்டால் தருவதற்காகவும் ஒரு பிரதியை வைத்துக்கொள்கின்றன. நான்காம் நிலை நிகழ்வதே இல்லை எனலாம். பதிப்பகமும் வங்கியும் தாம் பெற்ற அனுமதியின்படி படத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். எனவே ‘உமக்கு மட்டுமே’ என்று இரண்டாம் நிறுவனத்திடம் புகைப்படக்காரர் உறுதி கூறினால், அது உண்மைக்கு மாறான உறுதியாகிவிடும்.

இதில் அனுமதியின் வகையும் கருதத்தக்கது. பயன், காலம், நிலப்பகுதி, பிரதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வரையறுத்துத் தரும் அனுமதி ஒரு வகை. அக்காலம் முடிந்ததும் அது தானே அற்றுப்போகும். ஒருமுறை பணம் செலுத்தியபின் கால வரையின்றிப் பன்முறை பயன்படுத்த இடந்தருவது மற்றொரு வகை. மலிவு விலைச் சந்தை பெரும்பாலும் இரண்டாம் வகையையே சார்ந்துள்ளது. ஆகவே சில ரூபாய்க்கு விற்ற அனுமதியும் பல்லாண்டுகள் உயிரோடு இருக்கும்.

நிறுவனங்கள் கூறும் காரணங்கள்

திரும்பப் பெறுவதற்கு நிறுவனங்கள் வரம்பு விதிப்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு பாடநூலை இலட்சக்கணக்கில் அச்சிட்ட பதிப்பகத்தின் அனுமதியைப் படைப்பாளர் விரும்பியபோதெல்லாம் ரத்து செய்யலாம் என்றால், யாரும் அனுமதி வாங்க முன்வர மாட்டார்கள். வாங்குவோரின் நம்பிக்கையே இச்சந்தையின் முதல். மேலும், ஒவ்வொரு படத்தையும் சோதித்து, குறிச்சொற்களைச் சரிபார்த்து, பல நாட்டு விநியோகஸ்தர்களுக்கு அனுப்ப நிறுவனத்திற்குச் செலவாகிறது. சேர்த்த மறுநாளே படத்தை எடுத்துவிட்டால் அச்செலவு வீணாகும்.

இக்காரணங்களால் நிறுவனங்கள் பலவகை விதிகளை வகுத்துள்ளன. சில, படம் சேர்த்ததிலிருந்து ஒரு குறிப்பிட்ட காலம் அதனை நீக்கக்கூடாது என்கின்றன. சில, நீக்கக் கோரிக்கைக்கும் நீக்கத்திற்கும் இடையே வாரங்களோ மாதங்களோ இடைவெளி வைக்கின்றன. ஒரு காலவரைக்குள் இத்தனை படங்களுக்கு மேல் நீக்கலாகாது என்று எண்ணிக்கை வரம்பு வைப்பனவும் உண்டு. தனியுரிமை ஒப்பந்தங்களில் இக்கட்டுப்பாடு இன்னும் கடுமையானது.

எனினும் இவ்விதிகள் இரு தரப்பும் பேசி முடிவு செய்தவை அல்ல என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நிறுவனம் எழுதிய படிவத்தை ஏற்பதா, விலகுவதா என்பதே வழங்குவோருக்கு உள்ள தேர்வு. பேரம் பேசும் ஆற்றல் இல்லாத இடத்தில், விலகிச் செல்லும் உரிமையே படைப்பாளரின் ஒரே ஆயுதமாகும். அதனையும் கட்டுப்படுத்தினால் விலையை நிர்ணயிப்பதில் அவருக்குக் குரலே இராது.

நிறுவனமே நீக்கும்போது

நீக்கும் அதிகாரத்தை நிறுவனங்கள் தமக்கு மிகத் தாராளமாகவே வைத்துக்கொண்டுள்ளன. பதிப்புரிமை பற்றிய புகார், படத்தில் உள்ளவரின் சம்மதக் கடிதம் இல்லாமை, வணிகச் சின்னம் தெரிதல், பொருந்தாத குறிச்சொற்கள், ஒரே மாதிரியான படங்களை மிகுதியாகச் சேர்த்தல், நெடுங்காலம் விற்பனையாகாமை ஆகியவை வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள். காரணம் கூறாமலே நீக்கும் உரிமையையும் பல ஒப்பந்தங்கள் நிறுவனத்திற்கு அளிக்கின்றன. கணக்கை முடக்கும்போது சேர்ந்துள்ள தொகையை நிறுத்திவைக்கும் விதியும் சிலவற்றில் இடம்பெறுகிறது. வழங்குவோர் நீக்கினால் பல வார அறிவிப்பு. நிறுவனம் நீக்கினால் உடனடி நடவடிக்கை என்னும் இந்த ஏற்றத்தாழ்வே முதலில் சீர்செய்யப்பட வேண்டிய அம்சமாகும்.

உலக நிகழ்ச்சிகள் தரும் பாடங்கள்

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐஸ்டாக்ஃபோட்டோவின் உரிமையாளரான கெட்டி இமேஜஸ் நிறுவனம் கூகுளுடன் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டின் கீழ் சில ஆயிரம் படங்கள் கூகுளின் பயனாளர்களுக்குக் கிடைக்கச் செய்யப்பட்டன. தமக்குக் கிடைத்த தொகை மிகச் சொற்பம் என்று கண்ட படைப்பாளர்கள், பிப்ரவரி 2ஆம் நாளைக் குறித்து, அன்று தம் படங்களைத் திரளாக நீக்கினர். 2020 ஜூன் 1 முதல் ஷட்டர்ஸ்டாக் புதிய ராயல்டி முறையை நடைமுறைப்படுத்தியது. விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்ப 15 முதல் 40 விழுக்காடு வரை பங்கு அளிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அனைவரும் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. ஒரு படத்திற்குக் குறைந்தபட்சம் 10 சென்ட் கிடைக்கும் நிலை ஏற்பட்டது. இம்முறையும் பலர் தம் படங்களை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டனர். விலகும் உரிமை விலைப் பேச்சின் கருவி என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. அதே வேளையில், பழைய அனுமதிகளை இந்த எதிர்ப்புகள் தொடவில்லை என்பதும் தெளிவு.

நீக்கம் முறையாக நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மற்றொரு வழக்கு சான்றாகும். 2010 ஜனவரியில் எய்ட்டி நாட்டில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, டேனியல் மோரெல் என்னும் புகைப்படக்காரர் தாம் எடுத்த படங்களை இணையத்தில் வெளியிட்டார். வேறொருவர் அவற்றைத் தம் பெயரில் மீண்டும் வெளியிட, ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அவற்றை எடுத்துக் கெட்டி இமேஜஸ் வழியாகவும் பரப்பியது. தவறு தெரிந்தபின் படங்களை விலக்கிக்கொள்ளும்படி அறிவிப்பு அனுப்பப்பட்டது. ஆனால் மோரெலின் பெயரில் பதிவான படங்கள் நீக்கப்பட்டபோது, மற்றவர் பெயரில் பதிவான அதே படங்கள் தொடர்ந்து விற்பனையில் இருந்தன. 2013 நவம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நடுவர் குழு அவருக்கு 12 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. படத்தின் எண், எடுத்தவர் பெயர், விளக்கக் குறிப்பு ஆகியவை சரியாக இருந்தால்தான் நீக்க ஆணை கடைசிப் பிரதி வரை சென்றடையும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின்படி புகைப்படம் ஒரு கலைப்படைப்பு. அதனை எடுத்தவரே படைப்பாளர். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், புகைப்படத்தின் பதிப்புரிமை படைப்பாளரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது.

திரும்பப் பெறும் உரிமையைப் பற்றிப் பேசுமுன், உரிமை யாரிடம் உள்ளது என்று காணவேண்டும். சட்டத்தின் 17ஆம் பிரிவு இதனை வகைப்படுத்துகிறது. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்திற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அரசின் படைப்பாக அமையும் படங்களுக்கு அரசே முதல் உரிமையாளர். நாளிதழ்ப் பணியாளர் தம் பணியில் எடுத்த படத்தில், இதழ் வெளியீட்டைப் பொறுத்த உரிமை இதழின் உரிமையாளருக்கும், ஏனைய உரிமைகள் எடுத்தவருக்கும் உரியன. இதுவும் மாறான ஒப்பந்தத்திற்கு உட்பட்டதே. ஆகவே, தம்முடையதல்லாத படத்தை முகவர் நிறுவனத்திற்கு அனுப்பியவர், அதனைத் திரும்பப் பெறுவது பற்றி வாதிடுவதற்கு இடமில்லை. நீக்கத்தைக் கோரும் உரிமை உண்மையான உரிமையாளருக்கே உண்டு.

உரிமையாளர் தம் உரிமையை இரு வழிகளில் பிறருக்குத் தரலாம். ஒன்று உரிமை மாற்றம், மற்றொன்று உரிமம். முன்னதில் உரிமையே கைமாறுகிறது. பின்னதில் பயன்படுத்தும் அனுமதி மட்டும் தரப்படுகிறது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 19ஆம் பிரிவில் படைப்பாளருக்குச் சாதகமான சில பாதுகாப்புகளைச் சேர்த்தது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிடில் அது ஐந்து ஆண்டுகள் எனக் கொள்ளப்படும். நிலப்பகுதி குறிப்பிடாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதனைப் பயன்படுத்தாவிடில், வேறு விதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, அவ்வுரிமை அற்றுப்போகும். ராயல்டித் தொகையும் குறிக்கப்பட வேண்டும். 30-ஏ பிரிவின் வழியாக 19ஆம் பிரிவு, தேவையான மாற்றங்களுடன், உரிமங்களுக்கும் பொருந்துகிறது.

இப்பாதுகாப்புகளின் வலுவும் வலுவின்மையும் ஒரே இடத்தில் உள்ளன. ஒப்பந்தம் மௌனமாக இருக்கும்போதுதான் காலம், நிலப்பகுதி பற்றிய சட்ட வரையறைகள் பேசுகின்றன. முகவர் நிறுவனத்தின் படிவமோ மௌனமாக இருப்பதில்லை. ‘உலகம் முழுவதும்’, ‘நிரந்தரமாக’ என்னும் சொற்களால் அவ்விடங்களை நிரப்பிவிடுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமத்திற்குக் கையொப்பம் வேண்டும் என்னும் நிபந்தனையையும் நீக்கியுள்ளது. மின்னணு முறையில் ஏற்ற ஒப்பந்தங்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு செல்லத்தக்கதாக ஏற்கிறது. எனவே திரையில் ஒரு பொத்தானை அழுத்தி ஒப்புக்கொண்டதும் படைப்பாளரைக் கட்டுப்படுத்தும். வெளிநாட்டு நிறுவனமாயின் அந்நாட்டுச் சட்டமும் நீதிமன்றமுமே பொருந்தும் என்று அதே படிவம் பெரும்பாலும் கூறும். சிறு தொகைக்காக அங்கே வழக்காடுவது எவர்க்கும் இயலாத காரியம்.

உரிமை மாற்றத்தைப் பொறுத்தவரை, கடுமையான நிபந்தனைகளால் பாதிக்கப்பட்ட படைப்பாளர் அதனை ரத்து செய்யக் கோர 19-ஏ பிரிவு வழிசெய்கிறது. எனினும் உரிமை மாற்றம் நிகழ்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ரத்து ஆணை பிறப்பிக்க இயலாது. இவ்வதிகாரம் முன்பு பதிப்புரிமை வாரியத்திடமும், பின்னர் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்திடமும் இருந்தது. 2021இல் அவ்வாரியம் கலைக்கப்பட்டபின் வணிக நீதிமன்றங்களைச் சேர்ந்தது.

முகவர் பற்றிய பழைய சட்டம்

மேற்கண்ட நான்கு நிலைகளை விளங்கிக்கொள்ள 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமும் துணை செய்கிறது. தம் முகவருக்குத் தந்த அதிகாரத்தை, அது தம்மைக் கட்டுப்படுத்தும் வகையில் பயன்படுத்தப்படுவதற்கு முன், முதல்வர் திரும்பப் பெறலாம் என்பது 203ஆம் பிரிவு. முகவர் முன்னரே செய்து முடித்த செயல்களைப் பொறுத்து அதனைத் திரும்பப் பெற இயலாது என்பது 204ஆம் பிரிவு. தக்க அறிவிப்புத் தரவேண்டும் என்பது 206ஆம் பிரிவு. அதிகாரம் முடிந்த செய்தி முகவருக்கும் மூன்றாம் தரப்பினருக்கும் தெரியவரும்போதுதான் அவரவரைப் பொறுத்து அது முடிவுக்கு வரும் என்பது 208ஆம் பிரிவு. புதிய விற்பனை நிற்கும், பழைய விற்பனை நிலைக்கும், இடையே அறிவிப்பு வேண்டும் என்னும் மூன்று கோட்பாடுகளும் இணையம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டன. ஒரு புகைப்பட நிறுவனம் சட்டப்படி முகவரா, உரிமம் பெற்றவரா என்பது அவ்வவ் ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. ஆயினும் நியாயமான விதி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இப்பிரிவுகள் நல்ல அளவுகோலாகும்.

படைப்பாளரின் சிறப்புரிமை

பதிப்புரிமையைக் கைமாற்றிய பின்னும் படைப்பாளரிடம் தங்கும் சில உரிமைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு கூறுகிறது. படைப்பு தம்முடையது என உரிமை கோருதலும், தம் மதிப்புக்குக் கேடு விளைக்கும் சிதைவைத் தடுத்தலும் அவை. இப்பிரிவின் ஆற்றலைத் தில்லியில் நிகழ்ந்த ஒரு வழக்கு உணர்த்தியது. விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் அகற்றப்பட்டுப் பழுதடைந்தது. அவர் 1992இல் வழக்குத் தொடுத்தார். 2005 பிப்ரவரி 21இல் தில்லி உயர் நீதிமன்றம், சிற்பத்தின் எஞ்சிய பகுதிகளை அவரிடம் திருப்பித் தரவும், ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.

எனினும் இவ்வுரிமையை மிகைப்படுத்திக் கொள்ளலாகாது. படைப்பைக் காட்சிக்கு வைக்காமையோ, படைப்பாளர் விரும்பியவாறு வைக்காமையோ மட்டும் இவ்வுரிமையை மீறியதாகாது என்று அப்பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஆகவே முகவர் நிறுவனம் ஒருவருடைய படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்பதற்காக மட்டும் 57ஆம் பிரிவின்படி பரிகாரம் பெற இயலாது. படத்தைச் சிதைத்தாலோ, எடுத்தவர் பெயரை மறுத்தாலோ பெறலாம்.

அனுமதியின்றித் தம் படம் ஓர் இணையத் தளத்தில் சேர்க்கப்பட்டிருப்பதைக் காணும் உரிமையாளருக்கு வேறொரு வழியும் உண்டு. சட்டத்தின் 52(1)(சி) பிரிவும், 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதியும், இடைநிலையாகச் சேமிப்பவருக்கு எழுத்து மூலம் புகார் அளிக்க இடம் தருகின்றன. புகாரில் நிறைவு பெற்றால் அவர் 36 மணி நேரத்திற்குள் அப்படத்தை அணுகுவதைத் தடுக்க வேண்டும். இத்தடை 21 நாட்களுக்கு நீடிக்கும். அதற்குள் உரிமையாளர் நீதிமன்ற ஆணையைப் பெறாவிடில் தடை நீங்கிவிடலாம். இது திருட்டுப் பிரதிக்கு எதிரான வழி. தாமே ஒப்பந்தம் செய்து தந்த படத்திற்கு இது பயன்படாது.

கணிப்பொறி கற்றுக்கொண்ட படம்

அண்மை ஆண்டுகளில் ஐந்தாவது நிலை ஒன்றும் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயிற்றுவிப்பதற்கு முகவர் நிறுவனங்கள் தம் படத்தொகுதிகளை விற்கத் தொடங்கின. 2022 அக்டோபரில் ஷட்டர்ஸ்டாக், ஓபன்ஏஐ நிறுவனத்துடனான கூட்டுறவை அறிவித்தபோது, படைப்பாளர்களுக்குப் பங்களிக்க ஒரு நிதியத்தையும் அறிவித்தது. படத்தைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். ஆனால் அதிலிருந்து கருவி கற்றுக்கொண்டதை எவ்வாறு நீக்குவது?

இவ்வினா தில்லி உயர் நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், தன் செய்திகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக ஓபன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தது. ஏஎன்ஐயின் இணையதளத்தை இனிப் பயன்படுத்தாத வகையில் தடுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டதாக ஓபன்ஏஐ கூறியது. எதிர்காலப் பயனை நிறுத்துதல் வேறு, கடந்த காலப் பயனைத் திரும்பப் பெறுதல் வேறு என்னும் அதே வேறுபாடு இங்கும் தலைகாட்டுவதைக் காணலாம். 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக ஊக்குவிப்புத் துறை வெளியிட்ட பணி ஆவணம், பயிற்சிக்குக் கட்டாய உரிமமும், படைப்பாளருக்கு ராயல்டியும் அளிக்கும் முறையைப் பரிந்துரைத்தது. அத்தகைய முறையில் படைப்பாளர் தம் படைப்பைத் தர மறுக்க இயலாது; ஊதியம் மட்டும் பெறுவார். விலகும் உரிமைக்குப் பதிலாக ஊதிய உரிமை போதுமா என்பது பொதுவாழ்வில் விரிவாக ஆராயத்தக்க வினாவாகும்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. ஒரு படத்தைத் திரும்பப் பெறும் உரிமையின் அளவு, அதனை நீக்கும் நாளில் முடிவாவதில்லை. நிறுவனத்திடம் அதனைச் சேர்த்த நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே ஏற்பாடுகளும் அந்நாளை ஒட்டியே அமைய வேண்டும்.

படம் வழங்குவோர், தரும் உரிமை எது, எவ்வளவு காலத்திற்கு, எந்த நிலப்பகுதிக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். அறிவிப்புக் காலம், விநியோகஸ்தரைக் கட்டுப்படுத்தும் வாசகம், பயிற்சிப் பயன் பற்றிய விதி, கணக்கு முடிந்தபின் பாக்கித் தொகை கிடைக்கும் முறை ஆகிய நான்கையும் குறித்து வைத்துக்கொள்ளுதல் நன்று. எந்தப் படம் எந்த நிறுவனத்தில் எந்த எண்ணுடன் உள்ளது என்னும் பதிவேடு இல்லாதவர், உரிமை இருந்தும் அதனைச் செயல்படுத்த இயலாதவராகிறார். பின்னாளில் தனியுரிமையாக விற்கக்கூடிய சிறந்த படங்களைக் கால வரையற்ற அனுமதிச் சந்தையில் சேர்க்காதிருத்தலே சிறந்த பாதுகாப்பு.

படங்களை வாங்கும் அரசுத் துறைகளுக்கும் கடமை உண்டு. அனுமதிச் சான்றும், வாங்கிய நாளும், படத்தின் எண்ணும் கோப்பில் இருந்தால், படைப்பாளர் பின்னர் படத்தை நீக்கினாலும் துறையின் பயன் பாதிக்கப்படாது. அவை இல்லாவிடில், முறையாக வாங்கிய படத்திற்கே விளக்கம் அளிக்கும் நிலை நேரலாம். வரையறுத்த காலத்திற்கு வாங்கிய படத்தை அக்காலம் கடந்தபின் மறுபதிப்பில் சேர்ப்பதும் உரிமை மீறலாகும் என்பதை வெளியீட்டுப் பிரிவுகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்தல் பயன் தரும். வழங்குவோருக்கும் நிறுவனத்திற்கும் ஒரே அளவான அறிவிப்புக் காலம், நீக்கத்திற்கான காரணத்தை எழுத்தில் தெரிவித்தல், நீக்கிய பின்னும் ஈட்டிய தொகையைத் தடையின்றி அளித்தல், விநியோகஸ்தர்களிடமும் விற்பனை நின்றதற்கான உறுதி, பயிற்சிப் பயனுக்குத் தனிச் சம்மதம் ஆகியவை அதில் இடம்பெறலாம். புதுதில்லி துவாரகாவில் இயங்கும் பதிப்புரிமை அலுவலகம் போன்ற அமைப்புகள் அதனை இந்திய மொழிகளில் வெளியிட்டால், ஆங்கிலச் சட்ட வாசகத்தைப் படித்தறிய இயலாத இளம் புகைப்படக்காரர்களுக்கும் அது எட்டும்.

வாங்கியவரின் அனுமதி நிலைத்திருத்தலும், வழங்கியவர் விலகிச் செல்லும் வாய்ப்புத் திறந்திருத்தலும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. முன்னது இல்லாவிடில் வாங்குவோர் வரமாட்டார்கள்; பின்னது இல்லாவிடில் நல்ல படைப்பாளர்கள் தங்கமாட்டார்கள். கேமராவைத் தொழிற்கருவியாகக் கொண்டு சொந்தக் காலில் நிற்க முயலும் இளைஞர்களின் உழைப்புக்கு உரிய மதிப்புக் கிடைக்க, இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் விதிகள் தேவைப்படுகின்றன.